கார்ப்பரேட் அக்கவுண்டிங்: விடை சரிதானா என்று தாளிலேயே தெரியும்படி படிப்பது எப்படி

முதலாண்டு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கில் ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அடுத்த கட்டத்துக்கு வரும்போது அந்த வசதி போய்விடுகிறது. கார்ப்பரேட் அக்கவுண்டிங், அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், இண்டர்மீடியட் அக்கவுண்டிங் என்று உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் நிலைமை ஒன்றுதான். டிபெஞ்சர் (நிறுவனம் வெளியிடும் கடன் பத்திரம்) வட்டியைத் தப்பான விகிதத்தில் போட்டாலும் டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகத்தான் நிற்கும். லீஸ் (குத்தகை) கடனை ஒரு வருடம் தள்ளிக் கணக்கிட்டாலும் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகும். புத்தகத்தில் அச்சிட்ட விடையைப் பார்க்கும்வரை தப்பு கண்ணில் படாது. பரீட்சையில் அந்த விடை கையில் இருக்காது.

ஆனால் இந்தத் தாளின் முக்கியமான பாடங்கள் எல்லாவற்றிலும், கணக்குக்கு உள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. டிபெஞ்சர் அட்டவணை முகமதிப்பில் (பத்திரத்தில் எழுதிய அசல் தொகை) போய் முடிய வேண்டும். லீஸ் கடன் சுழியத்தில் முடிய வேண்டும். வரிச் செலவு, வரிக்கு முந்தைய லாபத்தோடு பொருந்த வேண்டும். ஒரு பாடத்தின் சரிபார்ப்பு எண் எது, அது ஏன் அப்படி வருகிறது என்று சொல்ல முடியாதவரை அந்தப் பாடம் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம், கூடுதலாக ஐம்பது கணக்குப் போடுவதைவிட அதிகம் உதவும்.

முதல் வேலை: எந்த விதிப்படி படிக்கிறீர்கள்?

இந்தியாவில் இரண்டு கணக்கியல் விதித் தொகுப்புகள் ஒரே நேரத்தில் நடைமுறையில் உள்ளன. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் நிகர மதிப்பு பெரிதாக உள்ள நிறுவனங்களுக்கும் இண்ட் ஏ.எஸ். (சர்வதேச விதிகளை ஒட்டிய இந்தியன் அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்ஸ்) பொருந்தும்; 2016 ஏப்ரல் 1-ல் தொடங்கிப் படிப்படியாக வந்தது. மற்ற நிறுவனங்கள் பழைய ஏ.எஸ். (அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்ஸ்) வரிசையில்தான் இருக்கின்றன. சி.ஏ. இண்டர் பாடம் ஏ.எஸ். வரிசையிலும், சி.ஏ. ஃபைனல் இண்ட் ஏ.எஸ். வரிசையிலும் நடக்கிறது. பி.காம். பாடத்திட்டங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். இலங்கையில் படிப்பவர்களுக்கு எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ்., எல்.கே.ஏ.எஸ். என்ற பெயரில் சர்வதேச விதிகளே வருகின்றன, எண்களும் பெரும்பாலும் அவையே.

இதைத் தெளிவுபடுத்தாமல் படிக்க ஆரம்பித்தால் ஒரே கணக்குக்கு இரண்டு விடை வரும், இரண்டுமே சரியாகவும் இருக்கும். ஏ.எஸ். 19 படி ஆபரேட்டிங் லீஸ் என்றால் குத்தகைக்காரர் வாடகையைச் செலவாகக் காட்டினால் போதும். இண்ட் ஏ.எஸ். 116 படி (2019 ஏப்ரல் 1 முதல்) அதே ஒப்பந்தத்துக்குச் சொத்தும் கடனும் பேலன்ஸ் ஷீட்டில் ஏற வேண்டும். எனவே பாடத்திட்டத் தாளை எடுத்து, ஒவ்வொரு அலகுக்கும் பக்கத்தில் எந்த எண்ணுள்ள விதி என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். தெரியாததை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

யூடியூப் வீடியோக்களிலும் கவனம் தேவை. ‘இண்டர்மீடியட் அக்கவுண்டிங்’ என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அமெரிக்க விதிப்படி இருக்கும். அங்கே சரக்கு மதிப்பீட்டில் லைஃபோ (கடைசியில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் முறை) உண்டு, நமக்கு இல்லை. நிலம், கட்டடத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றிக்காட்ட அங்கே வழியில்லை, நமக்கு உண்டு. உருவாக்கக் கட்டச் செலவை நிபந்தனைகள் நிறைவேறினால் நாம் சொத்தாக்குகிறோம், அங்கே பொதுவாகச் செலவில் எழுதுகிறார்கள். தற்போதைய மதிப்பு (பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு), வட்டி அட்டவணை போன்ற கணித அடிப்படைகளை அந்த வீடியோக்களில் தாராளமாகக் கற்கலாம். விதியை மட்டும் அங்கிருந்து எடுக்கக் கூடாது.

பழைய கைடுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பங்குகளைத் தள்ளுபடியில் வெளியிடும் கணக்குகள் அவற்றில் நிறைய. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 53-வது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, அதைத் தடை செய்துவிட்டது. டிபெஞ்சரைத் தள்ளுபடியில் வெளியிடத் தடையில்லை. பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் புத்தகத்தை வாங்க வேண்டாம்.

அடித்தளத்தைச் சோதியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில், புத்தகம் பார்க்காமல், இவற்றுக்கு ஜர்னல் என்ட்ரி எழுதுங்கள்: முன்கூட்டிக் கட்டிய இன்ஷூரன்ஸ், கொடுபட வேண்டிய சம்பளம், வரவேண்டிய வட்டி, முன்பணமாக வாங்கிய வருமானம், தேய்மானம், வராக்கடன் ஒதுக்கீடு, பாதி வருடத்தில் விற்ற இயந்திரம். ஏழுக்கும் 20 நிமிடம். கடைசியில் சொன்ன இயந்திர விற்பனையில் தடுமாறினால் ஒரு வாரம் பின்னோக்கிப் போய் அதை மட்டும் சரிசெய்யுங்கள். காஷ் ஃப்ளோ (ரொக்கம் வந்துபோன அறிக்கை), டெஃபர்ட் டாக்ஸ் (வருங்கால ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும் வரி) இரண்டும் அந்த என்ட்ரியின் மேல்தான் நிற்கின்றன. அங்கே ஓட்டை இருந்தால் இங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் நிரம்பாது.

டிபெஞ்சரும் எஃபெக்டிவ் வட்டியும்

இந்தத் தாள் முழுவதையும் திறக்கும் சாவி இந்தப் பாடம். லீஸும், தவணை விற்பனையும், நீண்டகாலக் கடனும் இதே அட்டவணையின் வேறு உருவங்கள். அதனால் இதில் மற்ற பாடங்களுக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு செலவிடலாம், தப்பில்லை.

முகமதிப்பு ரூ.10,00,000, கூப்பன் (பத்திரத்தில் எழுதிய வட்டி) 8%, ஆண்டு முடிவில், காலம் 5 ஆண்டு, சந்தை வட்டி 10%. முதலீட்டாளர் என்ன விலை கொடுப்பார்? வருடம் ரூ.80,000 வீதம் வரும் வட்டியின் தற்போதைய மதிப்பு 80,000 × 3.790787 = 3,03,263. ஐந்தாம் ஆண்டு முடிவில் வரும் அசலின் தற்போதைய மதிப்பு 10,00,000 × 0.620921 = 6,20,921. (3.790787, 0.620921 என்ற காரணிகளை எடுக்கும் வழி கீழே ‘கால்குலேட்டர்’ பகுதியில்.) கூட்டினால் ரூ.9,24,184. தள்ளுபடி ரூ.75,816.

| ஆண்டு | தொடக்க மதிப்பு | வட்டிச் செலவு 10% | கட்டிய ரொக்கம் | இறுதி மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 9,24,184 | 92,418 | 80,000 | 9,36,602 |
| 2 | 9,36,602 | 93,660 | 80,000 | 9,50,262 |
| 3 | 9,50,262 | 95,026 | 80,000 | 9,65,288 |
| 4 | 9,65,288 | 96,529 | 80,000 | 9,81,817 |
| 5 | 9,81,817 | 98,183 | 80,000 | 10,00,000 |

ஐந்தாம் ஆண்டில் 10% கணக்கிட்டால் 98,182 வரும். முழு ரூபாயாக்கியதால் சிதறிய 1 ரூபாயைக் கடைசி ஆண்டில் சேர்த்து முடிக்கிறோம். இப்படி ஓரிரு ரூபாய் வித்தியாசம் வந்தால் அது ரவுண்டிங். நூற்றுக்கணக்கில் வந்தால் தப்பு, தேட வேண்டும்.

இங்கே சரிபார்ப்பு எண்கள் இரண்டு. ஒன்று, கடைசி இறுதி மதிப்பு முகமதிப்புக்குச் சமம். இரண்டு, மொத்த வட்டிச் செலவு = கட்டிய மொத்தக் கூப்பன் + தள்ளுபடி. அதாவது 4,00,000 + 75,816 = 4,75,816. வட்டிப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள், அதுவே வரும். நிறுவனம் வெளியே கொடுத்த மொத்தப் பணத்துக்கும் உள்ளே வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஐந்து வருட வட்டி. ஒவ்வொரு வருடமும் எவ்வளவு என்று பிரிக்கும் வேலையை மட்டும்தான் அட்டவணை செய்கிறது. இது புரிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை.

வழக்கமாக எங்கே தவறுகிறது? வட்டிச் செலவை முகமதிப்பில் 8% என்று எழுதுவது முதலிடம். செலவு எப்போதும் தொடக்க மதிப்பு × சந்தை விகிதம். ரொக்கம் எப்போதும் முகமதிப்பு × கூப்பன் விகிதம். அடுத்தது அரையாண்டுக் கூப்பன்: 8%-ஐ 4% ஆக்குவார்கள், 10%-ஐ 5% ஆக்க மறப்பார்கள், அல்லது காலத்தை 10 என்று மாற்றாமல் 5-லேயே விடுவார்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றவேண்டும் என்று தாளின் ஓரத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்து வட்டித் தேதி ஜூன் 30 ஆக இருப்பது. அட்டவணையை வட்டிக் காலத்தின்படி முழுதாகப் போட்டுவிட்டு, பிறகு மாதக் கணக்கில் நிதியாண்டுக்குப் பிரியுங்கள். அட்டவணையையே நிதியாண்டுக்கு வளைக்கப் பார்த்தால் எண்கள் குழம்பும்.

ஏ.எஸ். வரிசை பாடத்திட்டத்தில் தள்ளுபடியைச் சம அளவிலோ, நிலுவையில் இருக்கும் டிபெஞ்சர் விகிதத்திலோ எழுதித்தள்ளச் சொல்வார்கள். அப்போதும் மொத்தம் 75,816தான். பிரிப்பு மட்டும் மாறும்.

கால்குலேட்டர்

அட்டவணைப் புத்தகம் தராத தேர்வுகளில் சாதாரண 12 இலக்கக் கால்குலேட்டரே போதும். காசியோ போன்றவற்றில் வகுத்தல் குறியை இரண்டு முறை அழுத்தினால் திரையில் ‘கே’ எழுத்து தோன்றும் மாடல்கள் உண்டு. அவற்றில் ஏ.சி. அழுத்திச் சுத்தம் செய்து, 1.1, ÷, ÷, 1 என்று அழுத்தி, சமக்குறியை ஐந்து முறை அழுத்துங்கள். திரையில் 0.6209 வரும். அது ஐந்தாம் ஆண்டுக் காரணி. உடனே ஜி.டி. (கிராண்ட் டோட்டல், மொத்தக் கூட்டல்) பொத்தானை அழுத்தினால் ஐந்து காரணிகளின் கூட்டுத்தொகை 3.7908 வரும். அது வருடாந்திரத் தொகைக் காரணி. ‘கே’ வராத மாடல்களில் 1, ÷, 1.1 என்று அழுத்திச் சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும். உங்கள் இயந்திரத்தில் எது வேலை செய்கிறது என்பதை மேலே உள்ள இரண்டு எண்களை வைத்து வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஜி.டி.யில் பழைய கூட்டல் தங்கியிருந்தால் விடை பெருத்துவரும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏ.சி. அவசியம். புதுக் கால்குலேட்டரைத் தேர்வுக்கு முந்தின நாள் வாங்கவே கூடாது.

எக்செல் தெரிந்தவர்கள் மேலே உள்ள அட்டவணையை ஒருமுறை ஃபார்முலாவில் கட்டுங்கள். வட்டி விகிதத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 8% போட்டால் விலை சரியாக 10,00,000 ஆவதையும், 6% போட்டால் அதற்கு மேல் ஏறுவதையும் கண்ணால் பார்த்துவிட்டால், தள்ளுபடியா பிரீமியமா என்ற குழப்பம் அதோடு தீரும்.

லீஸ்

வருடம் ரூ.1,00,000 வாடகை, 3 ஆண்டு, வட்டி 10%. கேள்வித்தாளில் அடிக்கோடிட வேண்டிய சொல் எது? வாடகை ஆண்டின் தொடக்கத்திலா முடிவிலா என்பது. இந்தப் பாடத்தில் மதிப்பெண் போகும் பெரிய இடம் இது.

முடிவில் என்றால் மூன்று தவணைகளின் தற்போதைய மதிப்பு 2,48,685. கடனும் அதுதான், சொத்தும் அதுதான். தொடக்கத்தில் என்றால் முதல் தவணை ஒப்பந்தம் தொடங்கும் அன்றே கட்டியாகிவிட்டது. அது கடனில் சேராது. மீதி இரண்டு தவணையின் தற்போதைய மதிப்பு 1,73,554 மட்டுமே கடன். பயன்பாட்டு உரிமைச் சொத்தோ (குத்தகைப் பொருளைப் பயன்படுத்தும் உரிமையின் மதிப்பு) 1,73,554 + 1,00,000 = 2,73,554. சொத்தையும் கடனையும் ஒரே எண்ணில் எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

தொடர்ந்து பாருங்கள். முதல் ஆண்டு வட்டி 17,355. கடன் 1,90,909 ஆகிறது. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 1,00,000 கட்டினால் 90,909. அந்த ஆண்டு வட்டி 9,091, கடன் 1,00,000. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டியதும் சுழியம். மூன்றாம் ஆண்டுக்கு வட்டியே இல்லை. சொத்தின் தேய்மானம் வருடத்துக்கு 91,185, கடைசி ஆண்டு 91,184.

ஆக லாப நட்டக் கணக்கில் ஏறும் செலவு: 1,08,540, பிறகு 1,00,276, பிறகு 91,184. கூட்டினால் சரியாக 3,00,000, அதாவது கட்டிய மொத்த வாடகை. இதுதான் சரிபார்ப்பு. ஏ.எஸ். 19-ன் ஆபரேட்டிங் லீஸ் படி வருடம் 1,00,000 வீதம் எழுதியிருந்தாலும் மொத்தம் இதேதான். புது விதி மொத்தச் செலவை மாற்றவில்லை. முன் வருடங்களில் கூட்டி, பின் வருடங்களில் குறைத்து, கடனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கோட்பாட்டுக் கேள்வியில் இந்த மூன்று வருட எண்ணையும் எழுதிக் காட்டினால் ஒரு பக்க விளக்கத்தைவிட வலுவாக இருக்கும்.

12 மாதம் அல்லது அதற்குக் குறைவான குத்தகைக்கும் மதிப்பு குறைந்த பொருளுக்கும் விலக்கு உண்டு. கேள்வியில் 11 மாதம் என்று வந்தால், அட்டவணை போடக் கிளம்பும் முன் அந்த விலக்கு நினைவுக்கு வரவேண்டும்.

டெஃபர்ட் டாக்ஸ்

மாணவர்கள் அதிகம் பயப்படும் பாடம், ஆனால் இதன் கணிதம் எளிது. குழப்பம் எல்லாம் சொத்தா கடனா என்பதில்தான்.

ரூ.6,00,000 இயந்திரம். புத்தகத்தில் 5 ஆண்டு நேர்கோட்டு முறை, வருடம் 1,20,000. வருமான வரிக்குப் பொது இயந்திரங்களுக்கான 15% குறையும் மதிப்பு முறையில் முதல் ஆண்டு 90,000 (முழு ஆண்டுத் தேய்மானம் கிடைக்கும் அளவுக்குப் பயன்பாட்டில் இருந்தது என்று கொள்வோம்). ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு 4,80,000. வரி மதிப்பு 5,10,000. இனிமேல் வரித்துறையிடம் கழித்துக்கொள்ள நமக்கு 30,000 கூடுதலாக மிச்சம் இருக்கிறது. வருங்காலத்தில் வரி குறையும் என்பதால் இது சொத்து. வரி விகிதம் 25% என்று கொண்டால் 7,500.

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் வரித் தேய்மானம் வேகமாக ஓடும். அதனால் அங்கே எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் கடன்தான் வரும். அதை மனப்பாடம் செய்துகொண்டு ‘தேய்மானம் என்றாலே டெஃபர்ட் டாக்ஸ் லயபிலிட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள். மேலே பார்த்ததுபோல இந்திய விகிதத்தில், புத்தக ஆயுள் குறைவாக இருந்தால், சொத்துதான் வரும். எனவே மனப்பாடம் வேண்டாம். இரண்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வருங்காலத்தில் வரி கூடுமா குறையுமா என்று மட்டும் கேளுங்கள்.

சரிபார்ப்பு: வரிக்கு முந்தைய புத்தக லாபம் 5,00,000 என்போம். வரி விதிக்கும் வருமானம் 5,00,000 + 1,20,000 − 90,000 = 5,30,000. நடப்பு வரி 1,32,500. டெஃபர்ட் டாக்ஸ் 7,500-ஐக் கழித்தால் மொத்த வரிச் செலவு 1,25,000. அது புத்தக லாபத்தில் சரியாக 25%. பொருந்திவிட்டது.

நிரந்தர வேறுபாடு (எந்த வருடத்திலும் சரியாகாத வித்தியாசம்) இருந்தால் மட்டும் இது பொருந்தாது. வரியில் அனுமதிக்கப்படாத ரூ.20,000 அபராதம் அந்த லாபத்தைக் கணக்கிடும்போது கழிந்திருந்தால் நடப்பு வரி 5,000 கூடி, மொத்தச் செலவு 1,30,000 ஆகும். வித்தியாசம் 5,000 என்பது 20,000-ல் 25% என்று ஒரு வரி எழுதிக் காட்டுங்கள். காட்ட முடியாத வித்தியாசம் எஞ்சினால் எங்கோ கூட்டல் குறி கழித்தல் குறி மாறியிருக்கிறது. பெரும்பாலும் 1,20,000-ஐயும் 90,000-ஐயும் இடம் மாற்றியிருப்பீர்கள்.

ஒரு பங்குக்கான வருமானம்

இதில் ஒரே ஒரு இடம்தான் வழுக்கும். ஏப்ரல் 1-ல் 10,00,000 பங்குகள். அக்டோபர் 1-ல் முழு விலைக்கு 2,00,000 புதுப் பங்குகள். ஜனவரி 1-ல் 2-க்கு 1 போனஸ். லாபம் ரூ.33,00,000.

ரொக்கம் வாங்கிக் கொடுத்த பங்கு, பணம் வந்த நாளிலிருந்து எடை பெறும். போனஸுக்குப் பணமே வரவில்லை. இருந்த பங்கையே துண்டாக்கியதுபோலத்தான். அதனால் அதற்கு மாதக் கணக்கு கிடையாது, தொடக்கம் முதலே இருந்ததாகக் கொள்ளவேண்டும். (10,00,000 + 2,00,000 × 6/12) × 3/2 = 16,50,000. ஒரு பங்குக்கு ரூ.2.00. போனஸுக்கும் 3/12 போட்டவருக்கு 12,50,000 பங்கு, ரூ.2.64 வரும். ஒப்பீட்டுக்காகக் காட்டும் போன ஆண்டு எண்ணையும் இதே 3/2-ஆல் திருத்த வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டைல்யூட்டட் கணக்கில் (பங்காக மாறக்கூடியவை எல்லாம் மாறிவிட்டால் என்று போடும் கணக்கு), மாற்றத்தக்க பத்திரத்தைச் சேர்த்தபின் எண் அடிப்படை எண்ணைவிடக் கூடினால், அந்தப் பத்திரத்தைச் சேர்க்கவே கூடாது.

காஷ் ஃப்ளோ

இறுதி விடை கேள்வியிலேயே இருக்கிறது: இரண்டு பேலன்ஸ் ஷீட்டின் ரொக்க வித்தியாசம். அதை முதலில் கணக்கிட்டுத் தாளின் மேல் பெட்டி போட்டு வையுங்கள். சிக்கல் என்னவென்றால், அந்த எண் வந்துவிட்டாலும் உள்ளே தலைப்பு மாறியிருக்கலாம். அதனால் இந்தப் பாடத்துக்கு மட்டும் டி-கணக்குகளும் (இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் கிரெடிட் என்று T வடிவில் எழுதும் கணக்குகள்) கட்டாயம்.

இயந்திரம் நிகரமாக (தேய்மானம் போக) போன ஆண்டு 8,00,000, இந்த ஆண்டு 9,50,000. தேய்மானம் 1,20,000. புத்தக மதிப்பு 60,000 உள்ள ஒன்றை 75,000-க்கு விற்றிருக்கிறார்கள். வெறும் வித்தியாசத்தைப் பார்த்து 1,50,000 கொள்முதல் என்று எழுதினால் போச்சு. 8,00,000 − 1,20,000 − 60,000 = 6,20,000; அது 9,50,000 ஆக வேண்டுமென்றால் புதுக் கொள்முதல் 3,30,000. முதலீட்டுத் தலைப்பில் 3,30,000 வெளியே, 75,000 உள்ளே. இயக்கத் தலைப்பில் தேய்மானம் 1,20,000-ஐக் கூட்டி, விற்பனை லாபம் 15,000-ஐக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் அந்த 15,000 இரண்டு முறை உள்ளே வந்துவிடும்.

கடனாளிகள் கூடினால் கழி, கடனீந்தோர் கூடினால் கூட்டு என்பதை யோசித்து எழுதுங்கள்: விற்றது லாபத்தில் சேர்ந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை, ஆகவே கழி. நிதி நிறுவனம் அல்லாதவற்றுக்கு இங்கே கட்டிய வட்டியும் கொடுத்த டிவிடெண்டும் நிதித் தலைப்பில், வாங்கிய வட்டியும் டிவிடெண்டும் முதலீட்டுத் தலைப்பில் போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் வேறு மாதிரி பார்த்தால் குழம்ப வேண்டாம். டிபெஞ்சரைப் பங்காக மாற்றியது போன்ற பணம் புரளாத நிகழ்வு அறிக்கைக்குள் வரவே வராது. குறிப்பில் சொன்னால் போதும்.

மற்ற பாடங்களின் சரிபார்ப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரக்கில், எந்த முறையாக இருந்தாலும் தொடக்கச் சரக்கு + கொள்முதல் = விற்ற சரக்கின் அடக்கம் + இறுதிச் சரக்கு. இண்ட் ஏ.எஸ். 115 வருவாயில், பிரித்த தொகைகளின் கூட்டல் ஒப்பந்த விலைக்குச் சமம்: 5,00,000-க்கு இயந்திரமும் 2 ஆண்டுச் சேவையும் தந்தால், தனித்தனி விலை 4,80,000, 1,20,000 என்றால், 4,00,000, 1,00,000 என்று பிரியும். நிலையான சொத்தில், மறுமதிப்பீடு செய்யாதவரை, ஆயுள் முழுவதும் எழுதிய தேய்மானம் + விற்பனை நட்டம் (லாபமானால் கழித்து) = அடக்கவிலை − விற்ற பணம்.

ஒரு கணக்கைப் படிக்கும் முறை

தீர்த்த கணக்கைக் கண்ணால் வாசிப்பது படிப்பே அல்ல. வாசிக்கும்போது எல்லாமே புரிந்ததாகத் தோன்றும். ஒருமுறை விடையோடு பார்த்து எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்து. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடுங்கள். மறுநாள் எண்களை நீங்களே மாற்றிப் போடுங்கள். விடை தெரியாத கணக்கு என்பதால் இப்போது சரிபார்ப்பு எண்தான் உங்கள் ஆசிரியர். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அட்டவணை போட்டதோடு நிற்காமல், முதல் ஆண்டின் ஜர்னல் என்ட்ரியைக் கட்டாயம் எழுதுங்கள். அட்டவணை தெரிந்தும் எந்தக் கணக்கில் டெபிட் என்று தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

தப்புகளுக்கு என்று தனி நோட்டு வையுங்கள். கணக்கு எண், என்ன எழுதினேன், என்ன எழுதியிருக்க வேண்டும், ஏன் தவறியது என்று நான்கு பத்தி. கடைசிப் பத்தியில் ‘கவனக்குறைவு’ என்று எழுதக் கூடாது. ‘தவணை தொடக்கத்தில் என்பதைப் படிக்கவில்லை’ என்பது போலக் குறிப்பாக இருக்கவேண்டும். ஒரு மாதத்தில் அந்தப் பத்தியில் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். தேர்வுக்கு முந்தின இரவு படிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.

தேர்வறையில்

75 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம்; 15 மதிப்பெண் கணக்குக்கு 36 நிமிடம். அதை 32-ல் முடிக்கப் பழகினால் சரிபார்க்க நேரம் மிஞ்சும். ஒர்க்கிங் நோட்டுகளுக்கு எண் கொடுத்து, முதன்மை விடையில் ‘கு. 2’ என்று அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். இறுதி விடை தவறினாலும் வழி சரியாக இருந்தால் மதிப்பெண் அங்கிருந்துதான் கிடைக்கும். கேள்வி தெளிவாக இல்லாத இடத்தில் எடுத்துக்கொண்ட அனுமானத்தை விடையின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள்.

டாலி ஆகாவிட்டால் 5 நிமிடத்துக்கு மேல் தேட வேண்டாம். வித்தியாசத்தை 2-ஆல் வகுத்து, அந்தத் தொகை கேள்வியில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறி மாறி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதியதுபோல. இரண்டும் இல்லையென்றால் கீழே மூன்று வரி இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். சஸ்பென்ஸ் கணக்கு (வித்தியாசத்தைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) போட்டு மறைக்க வேண்டாம். திருத்துபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.